ஏழு நிமிடப் பார்வையாளர்கள்

திருநாவுக்கரசு ஆட்களை எண்ணத் தொடங்கினால் 'ஒன்று' என்று தொடங்க மாட்டார். அவருடைய அப்பா களத்தில் மரக்கால் பிடித்து நெல் அளந்தவர். அளக்கிறவர்கள் வாயில் முதல் மரக்காலுக்கு ஒன்று என்ற பெயர் கிடையாது. லாபம் என்பார்கள். லாபம், ரெண்டு, மூணு என்று போகும் கணக்கு. திருநாவுக்கரசும் கம்மாபுரம் பக்கத்துக் கொள்முதல் நிலையத்தில் முப்பத்தொரு வருடம் நெல் மூட்டை எண்ணி ஓய்வு பெற்றவர். மூட்டை போய் மனிதத் தலை வந்தபோதும் வாய் மாறவில்லை. கெடிலம் ஸ்டார் கால்பந்துக் கழகத்தின் மைதானத்துக்கு முதலில் வந்து உட்கார்ந்தவர் எவரோ அவர் லாபம். அடுத்தவர் ரெண்டு. இதனால் கடலூரில் பாதிப் பேருக்கு அவரை லாபம் மாமா என்றுதான் தெரியும்.

மைதானம் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனுக்கும் துறைமுகம் ஜங்ஷனுக்கும் நடுவே, தண்டவாளத்தை ஒட்டி இருக்கிறது. ஒரு புயலில் அதன் வடக்குக் கோல் கம்பம் வலையோடு பிய்த்துக்கொண்டு கெடிலம் ஆற்றில் இறங்கிப் போய்விட்டது. கழிமுகத்தில் அதைப் பிடித்தவர்கள் அந்த வலையில் ஒரு பருவம் மீன் பிடித்துவிட்டு, கிழிந்த இடங்களையெல்லாம் நன்றாக முடிந்து திருப்பிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு வடக்குக் கோலில் விழுந்த பந்து எதுவும் வழுக்கி வெளியே போனதில்லை. ஒருமுறை மழை ஆட்டத்தில் பந்தோடு இரண்டு கெளுத்தியும் இருந்தன. நடுவர் பந்தை மட்டும் கோலாக ஏற்றுக்கொண்டார்.

கழகம் மூன்றாம் டிவிஷனில் ஆடியது. நான்காம் டிவிஷன் என்று ஒன்று இல்லாததால் அங்கேயே இருந்தது. கடைசியாக ஜெயித்தது, எதிரணி வந்த வேன் வழியில் நின்றுபோன அன்று. அன்றும் ஆட்டம் கொஞ்சம் கஷ்டமாகத்தான் போனது என்று சொல்கிறார்கள்.

ஆட்டம் முடிந்ததும் லீக் அலுவலகத்துக்கு ஒரு தாள் நிரப்பி அனுப்ப வேண்டும். அதில் 'பார்வையாளர் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டம் திருநாவுக்கரசுவுடையது. பார்வையாளர் படிக்கட்டுக்கு மேலே, தண்டவாளத்திலிருந்து எழுத்துத் தெரியாத கோணத்தில் மாட்டியிருந்த ஸ்கோர் பலகையும் அவர் பொறுப்பு. ஆனால் பலகையைப் பற்றி அவர் பெருமையாகப் பேசியதில்லை. எதிரணிப் பக்கம் எழுதி எழுதி அந்தப் பாதியில் மட்டும் கறுப்புப் பூச்சு தேய்ந்து வெளுத்திருந்தது.

சனிக்கிழமை நாலு மணிக்கு ஆட்டம் தொடங்கும். உள்ளே நாற்பது பேர் இருப்பார்கள். ஒரு நாயும் வரும். பந்தை அது உன்னிப்பாகத்தான் பார்க்கும். ஆனால் ஆஃப்சைடு விஷயத்தில் அதற்குத் தெளிவு போதாது என்பதால் திருநாவுக்கரசு அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சரியாக ஐந்து இருபதுக்கு, கடல் காற்று வெயிலை மெல்லத் தள்ளி ஓரமாக வைக்கும் நேரத்தில், சிதம்பரம் வழியாக மயிலாடுதுறை போகும் பாசஞ்சர் வண்டி தூக்கத்தில் நடக்கிறவனைப் போலச் சத்தமில்லாமல் வந்து மைதானத்தை ஒட்டி நிற்கும். ஜங்ஷனில் எதிர் வண்டி வந்து சேர்ந்து வழி விடும்வரை அதற்குச் சிக்னல் கிடையாது. ஏழு நிமிடம். அந்த ஏழு நிமிடமும் ஜன்னலெல்லாம் முகமாக இருக்கும். சாய்ந்த வெயிலில் அத்தனை முகமும் ஒரே நிறத்தில், விரிந்த பூசணிப் பூப் போலத் தெரியும். யாரும் பேச மாட்டார்கள். பார்ப்பார்கள். பிறகு பச்சை விழும். முகங்கள் வரிசையாகத் தெற்கே நகரும்.

ஒருமுறை கெடிலம் ஸ்டார் அடித்த பந்து நேராக ஒரு ஜன்னலுக்குள் போய்விட்டது. வண்டியும் கிளம்பிவிட்டது. பந்து மயிலாடுதுறை வரைக்கும் போய், அடுத்த சனிக்கிழமை அதே ஜன்னலிலிருந்து அதே இடத்தில் வந்து விழுந்தது. நடுவர் மணியைப் பார்த்துவிட்டு, இது எதிரணி த்ரோ, போன வாரத்துப் பாக்கி என்றார். அன்றைக்கு எதிரணி வேறு. இருந்தாலும் அவர்கள் மறுக்காமல் எடுத்துக்கொண்டார்கள்.

ஆக, பார்வையாளர் என்றால் பார்க்கிறவர். இதில் திருநாவுக்கரசுவுக்குச் சந்தேகமே வந்ததில்லை. ரயிலில் இருப்பவர்கள் பார்க்கிறார்கள். எனவே எண்ணினார். அதிலும் நியாயம் தவற மாட்டார். போனைப் பார்க்கிறவர் சேர்த்தி இல்லை. தூங்குகிறவர் இல்லை. கம்பிக்குப் பின்னால் ஒரு கண் மட்டும் தெரிந்தால் அரை. அரைகளைக் கூட்டி முழுசாக்கிக்கொள்வார். இப்படி ஒவ்வொரு சனிக்கிழமையும் நானூறு, நானூற்றுப் பதினெட்டு, முந்நூற்றுத் தொண்ணூற்று ஆறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வந்தார்.

பங்குனி மாதம் ஒரு காலையில் கழகச் செயலாளர் ஞானசேகரன் போன் போட்டு அவரைத் தன் ஜெராக்ஸ் கடைக்கு வரச் சொன்னார்.

"மாமா, லீக் ஆபீஸ்லேர்ந்து லெட்டர் வந்துருக்கு."

"பாராட்டா?"

"மொதப் பத்தி பாராட்டு. ரெண்டாவது பத்தியிலதான் சனி ஒக்காந்துருக்கு."

மூன்றாம் டிவிஷனில் மற்ற மைதானங்களுக்கு அறுபது பேர் வந்தால் அதிகம். கெடிலம் ஸ்டாருக்கு மட்டும் நானூறு பேர் வருவதைப் பார்த்து லீக்காரர்கள் மகிழ்ந்துபோய், இறுதிப் போட்டியையே இங்கே வைக்கலாமா என்று இடம் பார்க்க ஓர் ஆளைச் சொல்லாமல் அனுப்பியிருக்கிறார்கள். அவர் நாலரை மணிக்கு வந்து, நாற்பத்தொரு பேரையும் நாயையும் பார்த்துவிட்டு, ஐந்து மணிக்கே போய்விட்டார். இப்போது கடிதம். கடைசி உள்ளூர் ஆட்டத்துக்கு லீக்கின் பார்வையாளர் கணக்கெடுப்பு அதிகாரி நேரில் வருவார். முந்நூறு பேருக்குக் குறைந்தால் எல்லாத் தாளும் பொய்க் கணக்கு என்று பதிவாகும். அடுத்த வருடம் கெடிலம் ஸ்டார் சிதம்பரத்து தில்லை யுனைடெட்டோடு சேர்க்கப்படும். ஆட்டங்கள் அங்கே நடக்கும்.

"ரயில்ல இருக்கவங்க பாக்கறாங்கதானே?" என்றார் திருநாவுக்கரசு.

"பாக்கறாங்க மாமா. உள்ள இல்லியே."

"உள்ளேன்னு அந்தத் தாள்ல எங்க இருக்கு? பார்வையாளர்னுதான இருக்கு."

"இப்பப் போட்டுட்டாங்க." ஞானசேகரன் கடிதத்தைத் திருப்பிக் காட்டினார். 'மைதானத்தின் உள்ளே' என்று இருந்தது. கீழே கோடும் இழுத்திருந்தார்கள். "எல்லாத் தாள்லயும் உங்க கையெழுத்துதான் மாமா. அதான் எனக்குக் கஷ்டமா இருக்கு."

திருநாவுக்கரசு கடிதத்தை வாங்கி, கோடு இழுத்த இடத்தை இன்னொரு தடவை படித்தார். முப்பத்தொரு வருடத்தில் அவர் எண்ணிக்கையில் ஒரு மூட்டை கூடினது இல்லை, குறைந்தது இல்லை. தாம் எண்ணியதைப் பொய் என்று ஒரு தாளில் யாரோ எழுதப் போகிறார்கள் என்பது, இல்லாத பல்லில் வலிப்பது போல எங்கேயோ வலித்தது. மைதானமும் போய்விட்டால் அந்த ரயில் ஐந்து இருபதுக்கு வந்து, காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஊருக்குள் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிப் பார்த்தார்கள். "கெடிலம் ஸ்டாரா? இன்னும் ஆடறானுங்களா?" என்று கேட்டார்களே தவிர வருகிறேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை உள்ளூரில் ஆட்டம் இல்லை. திருநாவுக்கரசு சட்டையை மாட்டிக்கொண்டு திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனுக்குப் போய், சிதம்பரத்துக்கு ஒரு டிக்கெட் எடுத்து, அந்தப் பாசஞ்சரில் ஏறி உட்கார்ந்தார். இத்தனை வருடம் தாம் எண்ணிய தலைகளை அன்றுதான் கழுத்தோடு பார்த்தார்.

வண்டி வழக்கமான இடத்தில் நின்றது. பெட்டி முழுக்க ஒரே பக்கம் சாய்ந்தது. எதிர்ப் பக்கத்தில் உட்கார்ந்தவர்களும் எழுந்து வந்து இந்தப் பக்க ஜன்னல்களில் ஒட்டிக்கொண்டார்கள். திருநாவுக்கரசுவும் எட்டிப் பார்த்தார். வெளியே மஞ்சள் வெயிலில் மைதானம் காலியாகக் கிடந்தது. ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து பார்க்கும்போது அது அவருக்குத் தெரிந்த மைதானமாக இல்லை. புல் இவ்வளவு பச்சையா? கோல் கம்பங்கள் இவ்வளவு வெள்ளையா? யாரோ இப்போதுதான் வரைந்துவிட்டு, காயட்டும் என்று விட்டுப் போனது போல இருந்தது.

"இன்னிக்கு லீவு வுட்டுட்டானுவ," என்றாள் பக்கத்தில் கருவாட்டுக் கூடையை மடியில் வைத்திருந்த செல்லாயி. ஐம்பது வயது இருக்கும். குரலில் ஒரு வாரத்துச் சம்பளம் போன ஏமாற்றம்.

"ஜெயிச்சு ஜெயிச்சு அலுத்துப் போயிருக்கும் அக்கா. அவுங்களுக்கும் ரெஸ்ட் வேணாமா," என்றார் எதிரே இருந்த ராஜாமணி. கடலூரில் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறவர்.

"யாரு ஜெயிச்சது?" என்று கேட்டார் திருநாவுக்கரசு.

இருவரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். "ஊருக்குப் புதுசா மாமா நீங்க?" என்றார் ராஜாமணி. "கெடிலம் ஸ்டாரு. ஒம்பது வருசமா வாராவாரம் இந்த ஜன்னல்லதான் ஒக்கார்றேன். ஒரு கோல் வாங்கி நான் பாத்ததில்ல."

பொய் இல்லை. திருநாவுக்கரசு யோசித்துப் பார்த்தார். ரயில் நின்ற நேரத்தில் கெடிலம் ஸ்டார் ஒரு கோலும் வாங்கியதில்லை. நானூறு பேர் பார்க்கிறார்கள் என்றதும் பையன்கள் அந்த ஏழு நிமிடம் உயிரைக் கொடுத்து ஆடுவார்கள். மிச்ச எண்பத்து மூன்று நிமிடமும் அந்த உயிரைத் திரும்ப வாங்கிக்கொள்வதில் போய்விடும்.

"முடிவு எப்படித் தெரியும் உங்களுக்கு? அதுக்குள்ள வண்டி எடுத்துடுவானே."

"பேசி வெப்பம்," என்றாள் செல்லாயி. "ஆலப்பாக்கத்துல ஆரம்பிப்பம். இவுரு மூணுன்னுவாரு, அந்த டைலர் அண்ணன் அஞ்சுன்னுவாரு. புதுச்சத்திரத்துல சண்டை வரும். பரங்கிப்பேட்டைல கை தூக்கச் சொல்லி எண்ணுவம். கிள்ளை வந்துட்டா அதுக்கு மேல யாரும் பேசக் கூடாது, அதான் ஸ்கோரு. போன தடவ நாலு சைபர்."

போன தடவை சைபர் ஆறு. திருநாவுக்கரசு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வண்டி நகர்ந்தது.

"சிதம்பரத்துலயும் ஒரு டீம் இருக்காமே," என்று மெல்லக் கேட்டுப் பார்த்தார்.

"எந்தச் சிதம்பரத்துல?" என்றார் சிதம்பரத்துக்காரரான ராஜாமணி.

பரங்கிப்பேட்டை வரைக்கும் திருநாவுக்கரசு மனசுக்குள் கணக்குப் போட்டார். முந்நூறு பேர் வேண்டும். இங்கே நானூறு பேர் இருக்கிறார்கள். கூப்பிட்டால் ஒருவேளை வருவார்கள். உள்ளே வந்தால் முழுசாகப் பார்ப்பார்கள். பலகையைப் பார்ப்பார்கள். ஒன்பது வருடமாகத் தோற்காத ஓர் அணியை இந்த ரயில் வைத்திருக்கிறது. உலகத்தில் வேறெங்கும் அந்த அணி கிடையாது. கணக்கு நிற்க வேண்டுமானால் அதைக் கொண்டுபோய் உடைக்க வேண்டும்.

வெள்ளாற்றுப் பாலத்தில் வண்டி ஏறியது. அடியில் தண்ணீர் வானத்தை விரித்துப் போட்டதுபோல் அசையாமல் கிடந்தது. பாலத்தின் சத்தத்துக்கு நடுவே சொன்னால் பாதி கேட்காது என்ற தைரியத்தில் அவர் சொல்லிவிட்டார். வரும் சனிக்கிழமைதான் கடைசி. முந்நூறு பேர் உள்ளே உட்கார்ந்து பார்க்காவிட்டால் அந்த இடத்தில் இனி ஆட்டம் இல்லை.

பாலம் முடிந்தது. எல்லாருக்கும் கேட்டிருந்தது.

"எறங்கினா வண்டி போயிடுமே," என்றார் ராஜாமணி. "அடுத்த வண்டிக்கு ரெண்டு மணி நேரம் ஆகும்."

கிள்ளை தாண்டியதும் அவரவர் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். சிதம்பரத்தில் இறங்கும்போது செல்லாயி கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டே கேட்டாள்.

"முழு ஆட்டம் எம்மா நேரம் மாமா?"

"தொண்ணூறு நிமிசம்."

"அவ்ளோ நேரமுமா ஜெயிப்பாங்க? எதிராளுங்க பாவம் இல்ல?"

திருநாவுக்கரசு கூடைக்கு ஒரு கை கொடுத்தார். ஸ்டேஷனுக்கு வெளியே வந்து, தூரத்தில் கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கடலூர் பஸ் ஏறினார்.

கடைசி ஆட்டம் தில்லை யுனைடெட்டோடுதான். லீக்கிலிருந்து வந்த வினோதினிக்கு இருபத்தாறு இருபத்தேழு வயது இருக்கும். தொப்பி போட்டிருந்தாள். கையில் ஓர் எண்ணும் கருவி இருந்தது. கட்டைவிரலால் தட்டினால் ஓர் எண் கூடும். படிக்கட்டில் திருநாவுக்கரசுவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்கதான் நானூறு பேரா ஐயா?"

"நானூத்துப் பதினெட்டு வரைக்கும் இருந்துருக்கேம்மா."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தட்டத் தொடங்கினாள். ஞானசேகரன் தன் சம்சாரம், சகலை, ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் எல்லாரையும் கூட்டி வந்திருந்தார். இருந்தும் அறுபத்திரண்டோடு நின்றது. அறுபத்து மூன்றாவதாக நாய் வந்தது. வினோதினி அவரைப் பார்த்தாள். அவர் தலையசைத்து மறுத்தார். அந்த ஒரு விஷயத்தில் அவர்மேல் அவளுக்குக் கொஞ்சம் மரியாதை வந்திருக்க வேண்டும்.

ஐந்து மணிக்கு மேல் இரண்டாம் பாதி தொடங்கியது. அதற்குள் பலகையில் கெடிலம் 0, தில்லை 3. திருநாவுக்கரசு மூன்றை எழுதும்போது சாக்கட்டி உடைந்தது. காற்று விழுந்துவிட்டிருந்தது. பந்துகூட அரை மனத்தோடுதான் உருண்டது. ஐந்து இருபது ஆயிற்று. வண்டி வந்து நின்றது.

ஜன்னலெல்லாம் முகம்.

வினோதினி கட்டைவிரலை எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இவ்ளோ பேரு பாக்கறாங்க," என்றாள்.

"பார்வையாளர்."

"உள்ள வரணுமே ஐயா."

மைதானத்தில் பையன்கள் நிமிர்ந்துவிட்டார்கள். சிப்காட்டில் காலை ஷிப்ட் முடித்துவிட்டு வந்து அதுவரை நின்ற இடத்திலேயே கண் அசந்திருந்த ஏழாம் நம்பர் பாலகுமார், எழுப்பிவிட்டதுபோல் ஓடினான். ஒரு நிமிடம். மூன்று நிமிடம். ரயிலிலிருந்து யாரும் இறங்கவில்லை. ஐந்து. பாவம், அவரவருக்கு வீடு இருக்கிறது. ஏழு. சிக்னல் பச்சையாயிற்று. வண்டி ஒரு ஹாரன் கொடுத்தது. திருநாவுக்கரசு சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து மடியில் வைத்தார். அந்தக் கட்டத்தில் அறுபத்திரண்டு என்று எழுதப் பேனாவைத் திறந்தார்.

அப்போது நாலாவது பெட்டியின் வாசலில் ஒரு கருவாட்டுக் கூடை முதலில் இறங்கியது. அதற்குக் கீழே செல்லாயி இறங்கினாள்.

பிறகு எல்லா வாசலிலும் கால்கள். ஜல்லிக் கல்லில் செருப்புகள் நொறுநொறுவென்று சத்தம் போட்டன. டிரைவர் இரண்டாவது ஹாரன் கொடுத்தார். மூன்றாவதையும் கொடுத்துவிட்டு, போகிற வண்டி போகத்தானே வேண்டும் என்று எடுத்தார். வண்டி பெட்டிகளில் மொத்தம் மூன்று பேரோடு துறைமுகம் ஜங்ஷனுக்குப் போனது. ஒருவர் தூங்குகிறவர். ஒருவர் டிக்கெட் பரிசோதகர். மூன்றாமவர் அவரிடம் மாட்டிக்கொண்டவர்.

தண்டவாளத்துப் பக்கச் சுவரில் ஓர் இடம் இடிந்து, ஓர் ஆள் நுழைகிற அளவுக்குச் சந்து இருந்தது. அதன் வழியாக ஒவ்வொருவராகத்தான் வர முடியும். வினோதினி ஓடிப் போய்ச் சந்துக்குப் பக்கத்தில் நின்று கருவியைத் தட்டினாள். உப்புக் காற்றில் அது அறுபத்திரண்டிலேயே இறுகிவிட்டிருந்தது. இன்னொரு தடவை தட்டினாள். பிறகு அதைப் பையில் போட்டாள். கூடையைக் குனிந்து நுழைத்துக்கொண்டு செல்லாயி உள்ளே வந்தாள்.

"லாபம்," என்றாள் வினோதினி.

பின்னாலேயே வந்துவிட்ட திருநாவுக்கரசு அவளைத் திரும்பிப் பார்த்தார். "எந்த ஊரும்மா நீ?"

"கம்மாபுரம். பேச்சுக் குடுக்காதீங்க ஐயா, கணக்கு வுட்டுடும். ரெண்டு. மூணு. நாலு."

அவருக்குக் கணக்கைப் பற்றிய கவலை அந்த இடத்திலேயே விட்டுப் போயிற்று. லாபத்தில் தொடங்குகிறவளின் எண்ணிக்கை தப்பாது. அடுத்த கவலை உடனே வந்தது. வந்தவர்கள் படிக்கட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்கள். படிக்கட்டுக்கு மேலே பலகை. கெடிலம் 0, தில்லை 3.

அறுபத்து மூன்று வயதில் அப்படி ஓடியதை அவர் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை, நாய் கூடவே ஓடி வந்ததால் எல்லாரும் பார்த்தார்கள். முதல் ஆள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் பலகையைத் தூக்கித் திருப்பி மாட்டிவிட்டார். அதன் பின்பக்கத்தில் எப்போதோ எழுதிய 'குடிநீர்' என்ற எழுத்தும், தெற்கே போகும் ஓர் அம்புக்குறியும் இருந்தன. பலகையைத் திருப்பக் கூடாது என்று லீக் விதியில் எங்கும் இல்லை.

ராஜாமணி மூச்சு வாங்க வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "இதுவரைக்கும் எவ்ளோ மாமா?"

திருநாவுக்கரசு கொஞ்சம் யோசித்தார். அவர் பொய் சொல்கிறவர் அல்ல.

"மூணு கோல் வுழுந்துருக்கு," என்றார்.

"மூணா. நெனச்சேன்." ராஜாமணி பின்வரிசைக்குத் திரும்பிச் சொன்னார். பின்வரிசை அதற்கும் பின்னால் சொன்னது. மூணு சைபர், மூணு சைபர் என்று அது படிக்கட்டு முழுக்க ஏறி, மேலே வேப்பமரத்தடியில் நின்றவர்கள் வரைக்கும் போயிற்று.

வண்டி போய்விட்டது. வழக்கப்படி இப்போது பையன்களுக்குக் கால் தளர வேண்டும். ஆனால் முகங்கள் போகவில்லை. அவை ஜன்னலை விட்டு இறங்கி வந்து படிக்கட்டில் உட்கார்ந்திருந்தன. ஏழு நிமிடம் எப்போது முடியும் என்று பாலகுமாருக்குத் தெரியவில்லை. அது முடியவே இல்லை. வெயில் நகராமல் நின்றது. பந்து காலிலிருந்து காலுக்கு, தண்ணீரில் போகிற விளக்கைப் போல, அவசரப்படாமல் போனது. கெடிலம் ஸ்டார் இப்படி ஆடி திருநாவுக்கரசு ரயில் நிற்கும்போது மட்டும்தான் பார்த்திருக்கிறார். அப்போதும் தலைகளை எண்ணிக்கொண்டே, ஓரக்கண்ணால். முழுக் கண்ணால் பார்ப்பது இதுதான் முதல் தடவை. தாமும் அதுவரைக்கும் அரைப் பார்வையாளர்தான் என்று அவருக்குத் தோன்றியது.

தில்லைப் பையன்கள் மிரண்டு போனார்கள். மூன்று கோல் போட்டவர்களைப் பார்த்து, தங்கள் ஊர்க்காரர்களே முந்நூறு பேர் எதிராகக் கத்துகிறார்கள்.

"கோல்ல நிக்கறது யாரு?" என்று திடீரென்று கண்ணைச் சுருக்கினார் ராஜாமணி. "எங்க அக்கா புள்ள இளவரசு மாதிரி இருக்கான்." எழுந்து நின்றார். "டேய் இளவரசு. டியூஷன் போறேன்னுதான சொன்ன?"

கோல்கீப்பர் திரும்பிப் பார்த்தான். "மாமா, அது வந்து—" என்று விளக்கம் சொல்லக் கையைத் தூக்கினான். தூக்கிய கைக்குக் கீழே பாலகுமார் அடித்த பந்து போய் வடக்குக் கோலில் விழுந்தது. கழிமுகத்து முடிச்சு அதை விடவில்லை.

அதன் பிறகு எழுந்த சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கைகள் துறைமுகம் வரைக்கும் போய்விட்டு, என்ன நடந்தது என்று பார்க்கத் திரும்பி வந்தன. செல்லாயி கூடையோடு குதித்தாள். நெத்திலி நாலு வரிசைக்குத் தெறித்தது. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

நடுவர் விசில் ஊதினார். ஆட்டம் முடிந்தது. வினோதினி தாளை வாங்கிப் படிக்கட்டில் வைத்து எழுதினாள்.

"சந்து வழியா முந்நூத்து நாப்பத்தேழு. முன்னாடி அறுவத்திரண்டு. நானூத்து ஒம்பது." பேனாவை நிறுத்தினாள். "லாபத்தையும் சேத்துத்தான் சொல்றேன்."

"அது இல்லாம எப்படிம்மா."

அவள் கையெழுத்துப் போட்டாள். அதற்குக் கீழே அவர் கையெழுத்துப் போட்டார்.  தாளை மடித்துப் பையில் வைத்தபடி அவள் மேலே பார்த்தாள்.

"ஸ்கோர் போர்டு ஏன் ஐயா திரும்பியிருக்கு?"

"காத்து."

"இன்னிக்குக் காத்தே இல்லியே."

"அதான், மெதுவாத் திரும்புச்சு."

அவள் அம்புக்குறி காட்டிய திசையில் நடந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பினாள்.

ரயில்காரர்கள் தண்டவாளத்து ஓரமாகவே வரிசையாக ஜங்ஷனுக்கு நடந்தார்கள். அடுத்த வண்டி வர இன்னும் நேரம் இருந்தது. ராஜாமணி இளவரசுவின் தோளில் கை போட்டு அழைத்துக்கொண்டு போனார். திட்டுகிறாரா தேற்றுகிறாரா என்று தெரியவில்லை. செல்லாயி கடைசியாக வந்து சந்தில் குனிந்தவள், நிமிர்ந்தாள்.

"நாலு சைபர். இந்த தடவ கிள்ளை வரைக்கும் காத்திருக்க வேணாம் மாமா, இங்கியே முடிவாயிடுச்சு. அந்தச் சிதம்பரத்துப் புள்ளைங்கதான் பாவம், மூஞ்சி வாடிப்போச்சுங்க."

"ஜெயிச்சாலும் சிலபேருக்கு மூஞ்சி அப்படித்தாம்மா இருக்கும்," என்றார் திருநாவுக்கரசு.

அவள் அது என்ன பேச்சு என்று ஒரு கணம் யோசித்துவிட்டு, கூடையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள்.

மைதானம் காலியானது. கணக்கு கணக்குதான். அவர் பலகையைத் திருப்பினார். உடைந்த சாக்கட்டியை எடுத்து, கெடிலத்துக்கு நேராக இருந்த சைபரை அழித்துவிட்டு, ஒன்று என்று எழுதினார். அந்தப் பக்கத்தில் கறுப்புப் பூச்சு புத்தம் புதிதாக இருந்ததால் எழுத்து பளிச்சென்று விழுந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பலகையை மறுபடியும் குடிநீர்ப் பக்கமாகத் திருப்பி, ரயில் பாதையைப் பார்த்து மாட்டி, ஆடாமல் இருக்கக் கம்பியால் இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கினார்.